ஊமைக் கட்டை

பக்கம் திருப்பினது நான்தான்.
பேப்பரில் வந்த படத்தில்
அவளுக்கு வலப்பக்கம்
மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு நிற்கிற கை
என்னுடையது.

எமில்டாவுக்கு அப்ப ஏழு வயது.
குருநகர்ப் பங்கு மண்டபத்தில்
படங்கு மூடிக் கிடந்தது பியானோ.
ஷெல் விழுந்த கூரைக்குக் கீழே
மூன்று மாரி நனைந்தது.
சுருதி கூட்டுகிறவர்
தொண்ணூறில் கொழும்புக்குப் போனவர்,
திரும்பவில்லை.
அப்பா வள்ளத்து எஞ்சின் கழற்றுகிற சாவியோடு வந்து
உள்ளேயிருந்த எலிக்குடும்பத்தைக் கலைத்தார்.
கம்பிகளைத் தொடப் பயந்தார்.

நடுவில் ஒரு வெள்ளைக் கட்டை மட்டும்
அமர்த்தினால் பாடாது.
டக்.
கதவில் ஆரோ விரல் மடக்கித் தட்டினமாதிரி.
நாங்கள் அதை ஊமை என்றோம்.
அவள் அதையும் ஒரு சுரமாகத்தான் எண்ணினாள்.

எட்டு வயதில் எழுதின முதல் உருப்படி
'ஐஸ் தொழிற்சாலை'.
கணக்குக் கொப்பியில்
ஐந்தைந்து கோடாக அடித்துக் கொடுப்பது என் வேலை,
அடிமட்டமும் என்னுடையது.
மெசின் இடிக்கிற இடமெல்லாம்
ஊமைக் கட்டை வரும்.
எண்ணிப் பார்த்தேன்: இருநூற்றுப் பதினொரு தரம்.

முதல் கச்சேரி கோயில் பெருநாளுக்கு.
பாதிச் சனம் எழும்பிக் கூத்துப் பார்க்கப் போனது,
மிச்சம் சோடா குடித்தது.
இரண்டாவது, வங்கிக் கிளை திறப்புவிழா.
பரிசாக ஒரு மேசை மணிக்கூடு.
அது பிழையான சுருதியில் அடிக்குதென்று
தலையணைக்குள் புதைத்தாள்.
மூன்றாவதில் தொண்டு நிறுவனத்து வெள்ளைக்காரி ஒருத்தி
விம்மி விம்மி அழுதாள்.
"பசியாக்கும்" என்றாள் இவள் என் காதுக்குள்.

பாதை திறந்த வருசம்
கொழும்புக்குக் கூப்பிட்டார்கள்.
முகமாலையில் கொப்பியைப் புரட்டின பெடியன்
கோட்டையும் புள்ளியையும் கனநேரம் பார்த்தான்.
தரும்போது தலைகீழாகத் தந்தான்.

மண்டபத்தில் வள்ளமளவு பியானோ,
கறுப்பு, முகம் தெரிந்தது.
ஒரு கட்டையைத் தொட்டாள், கையை எடுத்தாள்.
"அண்ணா, இது ஏறிக் கிடக்கு."
உலகத்துப் பியானோ எல்லாம்
இந்தச் சுருதிதான் பிள்ளை என்றார் ஒருவர்.
"அப்ப எல்லாம் ஏறிக் கிடக்கு."

பெயரை ஒலிபெருக்கியில் பிழையாக வாசித்தார்கள்.
தொடங்கினாள்.
ஏழாவது வரியில் ஊமைக் கட்டை வந்தது,
வந்து
பாடியது.
உருண்டு திரண்ட முழுச் சுரம்.

நிறுத்தினாள்.
பக்கத்தின் மூலையைப் பிடித்தபடி நான்
மூச்சு விடவில்லை.
பின்னுக்கு ஆரோ இருமினார்.
திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.
அந்த இடம் வரும்போதெல்லாம்
இடக்கையைத் தூக்கி
பலகையில் தட்டினாள். டக்.
இருநூற்றுப் பதினொன்று.
முடிய, விரல்மொழி சிவந்திருந்தது.

'பத்து வயதில் நவீன உத்தி'
என்று எழுதினார்கள்.
படம் அப்போது எடுத்ததுதான்.

பிறகு ஒரு சங்கம்
ஆள் அனுப்பிப் பியானோவைத் திருத்தியது.
மூன்று நாள் வேலை.
நான் நினைத்தேன் அழுவாளென்று.
அவளோ ஊமையாய் இருந்த கட்டையையே
திரும்பத் திரும்ப அமர்த்திச் சிரித்தாள்.
"ஒரு கட்டை கூடக் கிடைச்சிருக்கு!"
ஐஸ் தொழிற்சாலையை வாசி என்றேன்.
"அது சின்னப்பிள்ளை எழுதினது" என்றாள்,
பத்தரை வயதில்.

அதற்குப்பின் எல்லாம் மனப்பாடம்.
பக்கம் திருப்ப ஆள் வேண்டியிருக்கவில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு மத்தியானம்
நான் மண்டபத்துக்குப் போனேன்.
அந்தக் கட்டையில் விரலை வைத்தேன்.
பாடியது.
இன்னும் மெதுவாக. பாடியது.
மெல்ல, மிக மெல்ல,
தூங்குகிறவரின் கையிலிருந்து எதையோ எடுக்கிறமாதிரி
அமர்த்தினால்
இப்பவும் அது பேசாது.